சம்மட்டி அண்ணன் சொன்ன ‘சரி’

கைப்பேசியைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து நிறுத்திவிட்டு, சட்டையின் கழுத்துப் பொத்தானையும் போட்டுக்கொண்டு, ஸ்டுடியோவில் படம் எடுக்க உட்கார்ந்தவர்போல முதுகை நிமிர்த்திக்கொள்கிறார். ஈரத் தலையில் சீப்பு போன தடம் அப்படியே இருக்கிறது. திரையில் முதலில் ஏதோ ஒரு வீட்டுக் கூரை தெரிகிறது. பிறகு ஒரு குழந்தையின் நெற்றி. பிறகு குழந்தை முழுதாக. அதன் வயிற்றைச் சுற்றி வளையல் போட்ட ஒரு கை.

“சரி,” என்கிறார். சற்றுப் பொறுத்து, “ஆமா ஆமா.” இன்னும் சற்றுப் பொறுத்து, “அப்படியா! சரி சரி.”

அந்தக் கை அவர் மனைவியினுடையது. குரல் குழந்தைக்குப் பின்னாலிருந்து எங்கோ வருகிறது. முகம் மட்டும் வருவதேயில்லை. பேத்தியைப் பார்க்கத்தான் அவர் இப்படித் தலைவாரிக்கொண்டு உட்காருகிறார் என்று வெளிநாட்டில் மகள் வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஞாயிறு மாலைதோறும் இதுதான். கீழ்வீடு அவருடையது, நான் மாடியில் குடியிருப்பவன். படியிறங்கும்போது கூடத்து ஜன்னல் வழியாக இவ்வளவும் கண்ணில் படும். காதில் விழுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவர் குரலுக்கு ஜன்னல் தேவையில்லை.

தெருவில் எல்லோருக்கும் அவர் சம்மட்டி அண்ணன். கைக்கருவிகள் செய்யும் தொழிற்சாலையில், ஸ்பேனர் அடிக்கும் பெரிய ஹேமரை, அதாவது இயந்திரச் சம்மட்டியை, ஓட்டுகிறவர். உலையிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் வரும் இரும்புத் துண்டை இடுக்கியால் பிடித்து அச்சின் மேல் வைப்பார். வலது காலால் பெடலை மிதிப்பார். ஆள் உயரத்துக்கு மேலிருந்து ஒரு பாளம் இறங்கும். நாலைந்து அடியில் துண்டுக்குத் தலையும் காம்பும் வந்துவிடும். அடுத்த மெஷினில் ஓரத்துப் பிசிறை வெட்டி எறிந்தால் ஸ்பேனர். அதன் பிறகு சாணை பிடிப்பார்கள், முலாம் பூசுவார்கள், டப்பாவில் போடுவார்கள். அவர் கணக்கில் அதெல்லாம் வேலையே கிடையாது.

“பொறந்தது நம்மகிட்ட, தம்பி. மத்தவங்க பவுடர் போட்டு விடுறாங்க, அவ்வளவுதான்.”

பெடல் மிதித்து மிதித்து அவருடைய வலது கெண்டைக்கால் இடதைவிடப் பருத்திருக்கும். சும்மா உட்கார்ந்திருந்தாலும் அந்தக் கால் தரையைத் தட்டிக்கொண்டே இருக்கும். முன்கைகளில் தெறித்த பொறிகளின் வடு, கடுகு இறைத்த மாதிரி. எந்த மெக்கானிக் கடையைத் தாண்டினாலும் உள்ளே நுழைந்து, கிடக்கும் ஸ்பேனரை எடுத்துப் புரட்டி, விளிம்பில் கட்டைவிரலை ஓட்டிப் பார்ப்பார். தங்கள் தொழிற்சாலை முத்திரை இருந்தால், “நம்ம பிள்ளைதான்,” என்று வைத்துவிடுவார். வேறு முத்திரை இருந்தாலும் கோபித்துக்கொள்வதில்லை. “பக்கத்து வீட்டுப் பிள்ளை.” ஆனால் அவர் வீட்டில் ஒரு ஸ்பேனர் கிடையாது. குழாய் ஒழுகினால் மாடியேறி என்னிடம்தான் குரல் கொடுப்பார்.

அவர் சொல்லும் ரகசியங்கள் பிரசித்தம். ஒரு முறை வாசலில் என் தோளைப் பிடித்து இழுத்து, “யார்கிட்டயும் சொல்லிராதீங்க, மூணாம் வீட்டுக்காரரு வீட்ட விக்கப் போறாரு,” என்றார். மூன்றாம் வீட்டுக்காரர் தன் வாசலிலிருந்தே, “இல்லண்ணே, யோசனைல இருக்கு,” என்று பதில் சொன்னார்.

சம்மட்டியடியில் நிற்கிறவர்களுக்குக் காது மந்தமாவது புதிதல்ல. காதை மூடிக்கொள்ளக் கவசம் கொடுத்திருக்கிறார்கள். அவர் அதைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டிருந்தார். “அத மாட்டிக்கிட்டா வேர்க்குது,” என்பது அவர் கட்சி. ஆனால் வீட்டில் இது ஒரு குறையாகவே தெரிந்ததில்லை. அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா ஊரில் இருந்த வரையில், அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து, எதிரில் நின்று, முழங்கையைத் தொட்டுவிட்டுத்தான் வாயைத் திறப்பார். சொல்வதை மெதுவாகச் சொல்வார். வந்தவர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் ஏதாவது கேட்டால், “உங்களத்தான் கேக்கறாங்க,” என்று தன் முகத்தை அவர் பக்கம் திருப்பி அந்தக் கேள்வியை இன்னொரு முறை கேட்பார். புருஷன்மேல் இவ்வளவு பிரியமா என்று நான் ஆச்சரியப்பட்டதுண்டு. பிரியமும் இருந்தது. அதற்குள் இன்னொரு வேலையும் நடந்துகொண்டிருந்தது அப்போது எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது.

மகளுக்குப் பிரசவம் என்று அக்கா கிளம்பிப் போனது மூன்று வருஷங்களுக்கு முன்னால். பனி கொட்டும் ஏதோ தூர தேசம். ஆறு மாதம் என்றுதான் பேச்சு. குழந்தை குறைமாதத்தில் பிறந்தது, தேறிவரட்டும் என்றார்கள். தேறியது, பல் முளைக்கட்டும் என்றார்கள். பல் முளைத்து, நடந்து, பேசவும் ஆரம்பித்துவிட்டது.

“அவ போனப்புறம்தான் தம்பி எனக்குக் காது கேக்காதுன்னு எனக்கே தெரிஞ்சுது,” என்று ஒரு நாள் சொன்னார். தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்து முற்றமெல்லாம் குளமாகி, நான் ஓடிவந்து மோட்டாரை நிறுத்திய நாள் அது. “அவ்வளவு நாளும் நல்லாத்தான் கேட்டுது. அவதான் கேக்க வெச்சிருக்கா.”

டாக்டரிடம் போகலாமே என்றேன். கையை வீசினார். காது போய்விட்டது என்று தொழிற்சாலைக்குத் தெரிந்தால் ஹேமரைவிட்டு இறக்கிவிடுவார்களாம். வருஷா வருஷம் பரிசோதனை உண்டு. கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். இவர் சத்தத்துக்குக் காத்திருப்பதில்லை. வெளியே கருவியை இயக்கும் பெண்ணின் கையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

“அந்தப் பொண்ணு கட்டைவிரல் அசையும். அசைஞ்சா நானும் அமுக்கிருவேன். பாஸு!”

“அக்காவுக்காவது சொன்னீங்களா?”

“அவளுக்கு லேசா மந்தம்னு தெரியும். இவ்வளவு ஆகிப்போச்சுன்னு தெரியாது. தெரிஞ்சா பெட்டியத் தூக்கிக்கிட்டு ஓடி வந்துருவா. பொண்ணு அங்க தனியா லோல்படும்.” முற்றத்துத் தண்ணீரை வலது காலால் தள்ளிவிட்டார். “ஓடி வரட்டும்னுதான் இருக்கு. அதுக்காகச் சொல்ல முடியுமா?”

மகள் டிக்கெட் அனுப்புகிறேன் என்றபோதும் லீவு இல்லை என்று தட்டிக்கழித்தார். நேரில் போனால் பிடிபட்டுவிடுவார். ஆகவே ஞாயிறு மாலைகளில் செம்பில் சாய்ந்த கைப்பேசிக்கு முன்னால், குழந்தையின் உதட்டையும் வளையல் கையின் அசைவையும் பார்த்து, இடைவெளி விழும்போதெல்லாம் ஒரு ‘சரி’யைப் போட்டுக்கொண்டிருந்தார். பேச்சில் இடைவெளி எங்கே விழும் என்பதை அவர் சரியாகவே கண்டுபிடித்து வைத்திருந்தார். மனைவியின் பேச்சுக்கு ஒரு தாளம் உண்டு, அது மாறவில்லை என்பார்.

அப்படிப் போட்ட ‘சரி’களில் ஒன்றுதான் அவர் தலையில் விழுந்தது.

அவருடைய மச்சினன் ஊருக்குள்ளேயே வேன் ஓட்டுகிறவன். ஒரு நாள் மாலை வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். நான் முற்றத்துக் குழாயில் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தேன். காது மந்தம் என்று தெரிந்தவனாதலால் அவர் முகத்துக்கு நேராக நின்று, வாயை நன்றாகத் திறந்து பேசினான்.

“மாமா, அக்கா இன்னும் ரெண்டு வருஷம் அங்கயே இருக்கப் போகுதாமே?”

“எந்த அக்கா?”

“எங்க அக்கா. உங்க பொண்டாட்டி.”

“யார் சொன்னா?”

“நீங்கதான் சொன்னீங்களாம்.”

அவர் என்னைப் பார்த்தார், நான் ஏதோ சாட்சி சொல்லப்போகிறவன்போல. மச்சினன் உட்கார்ந்து, நிதானமாகச் சொன்னான். மகள் வேலைக்குத் திரும்பப் போகிறாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. “விசாவ நீட்டிக்கட்டுமா, இல்ல கிளம்பி வந்துரட்டுமான்னு அக்கா கேட்டுச்சாம். நீங்க ‘சரி சரி’ன்னீங்களாம். எதுக்குச் சரின்னு புரியாம, ‘நான் இல்லாம உங்களுக்குக் கஷ்டமா இல்லையா’ன்னு கேட்டுச்சாம். அதுக்கு, ‘அதெல்லாம் ஒண்ணுமில்ல’ன்னு சிரிச்சீங்களாம். அக்கா அழுதுச்சு மாமா. ‘ஒரு தடவ வேண்டாம்னு சொல்லியிருந்தா அன்னிக்கே கிளம்பியிருப்பேன், அவருக்கு நான் இல்லாமப் பழகிப்போச்சு’ன்னுச்சு.”

வலது கால் தரையைத் தட்டுவதை நிறுத்தியிருந்தது. அவர் உதடு மட்டும், மச்சினன் சொன்ன கடைசி வார்த்தையைச் சத்தமில்லாமல் ஒரு முறை சொல்லிப் பார்த்தது. பழகிப்போச்சு.

“குழந்தை சிரிச்சுது, நானும் சிரிச்சேன்டா,” என்றார் பிறகு.

அடுத்த ஞாயிறு மாலை மாடிப்படியில் அவர் காலடி கேட்டது. குளித்து, தலைவாரி, கைப்பேசியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

“தம்பி, ஒரு உதவி. நீங்க எனக்குக் காதா இருக்கணும்.”

கணவன் மனைவி பேச்சுக்கு நடுவில் நான் என்னத்துக்கு என்று தயங்கினேன். அவர் ஏற்கெனவே பால்கனியில் இரண்டு நாற்காலியையும் இழுத்துப் போட்டுவிட்டார். எனக்கும் வேறு வழி இல்லை. திரையில் வழக்கம்போலக் கூரை, நெற்றி, குழந்தை, கை.

“பாப்பாவ இறக்கி விடு,” என்றார். “உன்னக் காட்டு.”

திரை ஆடியது. ஒரு நிமிஷம் வெறும் தரை தெரிந்தது. பிறகு அக்காவின் முகம் வந்தது. காதோரம் முழுவதும் நரைத்திருந்தது. கழுத்துவரை கம்பளிச் சட்டை. கண்ணாடி போட்டிருந்தார். பொண்டாட்டி முகத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்த மனிதர் முதலில் கேட்டது இதைத்தான்:

“கண்ணாடி எப்பப் போட்ட?”

“போன வருஷமே போட்டேனே. சொன்னேனே,” என்றார் அக்கா. நான் அவர் பக்கம் திரும்பி அதைச் சொன்னேன். என் குரலைக் கேட்டு அக்கா முகம் சுருங்கியது. “அது யாரு? மாடி வீட்டுத் தம்பியா? அவர் எதுக்கு அங்க?”

அதையும் சொன்னேன். அதற்கு மேல் அண்ணன் பொறுக்கவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொண்டார். தொழிற்சாலையில் உலைக்கும் ஹேமருக்கும் நடுவில் கத்துகிற குரல் அது; வீட்டுக்கென்று அவரிடம் வேறு குரல் கிடையாது.

“எனக்குக் காது கேக்கல! கேக்கறதே இல்ல! நீ பேசினது எதுவும் என் காதுல விழல. நான் பாட்டுக்குச் சரி சரின்னுட்டேன். கஷ்டமா இல்லையான்னு கேட்டியாமே? கஷ்டமாத்தான் இருக்கு! எனக்கு ஒண்ணும் பழகல! வந்துரு!”

எதிர்வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் கையில் சட்டையோடு அப்படியே நின்றுவிட்டாள். தெருவில் போன சைக்கிள் ஒன்று காலூன்றி நின்றது. மூன்றாம் வீட்டுக்காரர் வாசலுக்கு வந்தார். அண்ணன் யாரையும் பார்க்கவில்லை. திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சின்னக் குரலில் ஒன்று சொன்னார். சொல்லத்தான் வேண்டுமா என்று யோசித்தேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்ததால் சொன்னேன்.

“அப்ப மூணு வருஷமா நான் யார்கிட்டப் பேசிக்கிட்டு இருந்தேன்னு கேக்கறாங்க.”

அவர் உட்கார்ந்துவிட்டார். “என்னென்ன சொன்ன? இப்பச் சொல்லு. தம்பி கேட்டுச் சொல்வாரு.”

“அதெல்லாம் இன்னொருத்தர் காது வழியா அனுப்பற பேச்சா?” என்றார் அக்கா. இதையும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லிவிட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டேன். “சொல்லும்போது சொன்னது. மறுபடி எப்படிச் சொல்ல வரும்? முதல் தடவ பனி விழுந்தப்போ சொன்னேன். முட்டி வலியச் சொன்னேன். ஒரு நாள் ராத்திரி ஏனோ பயமா இருந்துச்சுன்னு சொன்னேன். எல்லாத்துக்கும் சரி சரின்னீங்க. நல்ல மனுஷன், பொறுமையாக் கேக்கறாருன்னு நினைச்சேன்.”

இவ்வளவையும் நான் மெதுவாக, ஒவ்வொன்றாக அவரிடம் சேர்த்தேன். பனி என்றதும் தலையாட்டினார். முட்டி என்றதும் தன் முட்டியைத் தடவிக்கொண்டார். பயம் என்றபோது, “எதுக்குப் பயம்?” என்று கேட்டார்.

உடனே கிளம்பி வரவும் அக்காவால் முடியவில்லை. அவர் ‘சரி’ சொன்னதை நம்பி மகள் வேலையில் சேர்ந்துவிட்டாள். குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விடும் வரையிலாவது இருந்துதான் ஆக வேண்டும். அதைச் சொல்லிவிட்டு, “சரியா?” என்று கேட்டார். நான் அதையும் சொன்னேன். அண்ணன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார். கடைசியில், “சரி,” என்றார். மூன்று வருஷத்தில் அவர் தெரிந்து சொன்ன ‘சரி’ அது ஒன்றுதான்.

“மொதல்ல போய்க் காதப் பாருங்க,” என்று சொல்லிவிட்டு அக்கா வைத்தார்.

பார்த்தார். காதுக்குப் பின்னால் மாட்டும் சின்னக் கருவியை இரண்டு பக்கத்துக்கும் கொடுத்தார்கள். தொழிற்சாலைக்கும் தானே போய்ச் சொல்லிவிட்டார். மேலாளர் திட்டினாராம், இத்தனை வருஷமாக எப்படிப் பரிசோதனையில் தேறினாய் என்று கேட்டாராம். “அந்தப் பொண்ணு கட்டைவிரல மட்டும் காட்டிக்குடுக்கல தம்பி. பாவம், அதுக்கு வேலை போயிரும்.” அவர் பயந்தபடியே ஹேமரைவிட்டு இறக்கிப் பேக்கிங் பிரிவுக்கு அனுப்பினார்கள். வெளிச்சமான, அமைதியான கூடம். நீளமான மேசை. அளவு வாரியாக ஸ்பேனர்களைப் பையில் செருகி, பையைச் சுருட்டிப் பெட்டியில் அடுக்க வேண்டும். பெட்டியின்மேல் போகும் தேசத்தின் பெயர் அச்சிட்டிருக்கும்.

ஹேமரைவிட்டு வந்த புதிதில் அவரைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் சட்டையில் அழுக்கே இருக்காது. அதைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொள்வார். “நானும் பவுடர் போடற கூட்டத்துல சேர்ந்துட்டேன்,” என்பார். தரை அதிராத இடத்தில் நிற்கக் கால் கூசுகிறதாம். மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் பழைய இடத்துக்கே போய், ஹேமர் ஓடுவதைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறார். போவதற்கு முன்னால் காதுக் கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார். கழுத்தில் கிடந்த கவசத்தை இப்போதுதான் ஒழுங்காகக் காதில் மாட்டுகிறாராம்.

ஒரு நாள் வாசலில் நின்று, தெரு முழுக்கக் கேட்க ஒரு ரகசியம் சொன்னார்.

“இன்னிக்கு ஒரு பெட்டி கட்டினேன். மேல அவ இருக்கற தேசத்துப் பேரு போட்டிருந்துச்சு. விசாரிச்சேன். ரொம்ப வருஷமாவே அங்க போகுதாம். நான் அடிச்ச ஸ்பேனரெல்லாம் அங்க போய்ச் சேர்ந்தாச்சு தம்பி. நான்தான் இங்கயே நிக்கறேன்.”

கருவி வந்ததிலிருந்து உலகம் தகர டப்பாவுக்குள் இருக்கிறது என்று புகார் சொல்கிறார். தன் செருப்புச் சத்தத்துக்குத் தானே திரும்பிப் பார்க்கிறார். என் வீட்டில் பாத்திரம் உருண்டால் கீழேயிருந்து, “என்ன உடைஞ்சுது?” என்று கேட்கிறார். குரல் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. மூன்றாம் வீட்டுக்காரர், தெருவில் என்ன நடக்கிறது என்றே தெரியவில்லை என்று குறைப்படுகிறார்.

கருவி மாட்டிய பிறகு வந்த முதல் ஞாயிறு. “இன்னிக்கு நீங்க வேண்டாம் தம்பி,” என்று காலையிலேயே சொல்லிவிட்டார். மாலை நான் வெளியே கிளம்பிப் படியிறங்கினேன். கூடத்து ஜன்னல் திறந்திருந்தது. கைப்பேசியை அவர் எதிலும் சாய்க்காமல் இரண்டு கையாலும் பிடித்திருந்தார். குழந்தை எங்கோ பின்னால் பாடிக்கொண்டிருந்தது. திரையில் அக்காவின் முகம்.

“என்னங்க,” என்றது அந்த முகம்.

“ம்,” என்றார். அவ்வளவு மெல்லிய சத்தம் அவரிடமிருந்து வந்து நான் கேட்டதில்லை. திரைக்கு அந்தப் பக்கம் அது போய்ச் சேர்ந்திருக்காது.

“என்னங்க, இப்பக் கேக்குதா?”

அவர் எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினார். ஜன்னலில் நான் நிற்பதைக் கவனிக்காமல் திரும்பி வந்து, நாற்காலியைச் சுவர்ப் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கைப்பேசியை முகத்துக்குக் கிட்டத்தில் கொண்டுபோனார்.

“கேக்கல,” என்றார். “இன்னொரு தடவ கூப்பிடு.”